பைக்கா, பஸ்ஸா, மின்சார ஸ்கூட்டரா: ராமநாதபுரத்துக் கணக்கு

கீழக்கரையிலிருந்து ராமநாதபுரம் காலேஜுக்குத் தினமும் பைக்கில் வந்து போகிற தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: நம்ம ஊர் மாதிரி சின்ன ஊரில் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் போவதால் கார்பன் எவ்வளவு குறைந்துவிடும், இது சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லையா, அப்படியே குறைக்கணும் என்றாலும் மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் போதாதா என்று. மூன்றுமே நல்ல கேள்விகள். பஸ் டிப்போவில் பல வருஷம் டீசல் கணக்கு எழுதியவன் நான், அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். டீசல் என்றால் 2.7 கிலோவை ஒட்டி. இதைச் சொன்னால் பல பேர் நம்ப மாட்டார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலே முக்கால் கிலோதான் எடை இருக்கும், அதிலிருந்து எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வரும் என்பார்கள். நியாயமான சந்தேகம்தான். பெட்ரோலில் இருக்கிற கார்பன் எரியும்போது காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்கிறது, 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 கிராமாக வெளியே போகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் கார்பன் மட்டும் ஏறக்குறைய 630 கிராம். அதை 44-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.3 கிலோ வந்துவிடும். வண்டி பிஎஸ் 6 (வண்டிப் புகைக்கு அரசு வைத்திருக்கிற அளவுகோல்) என்பதால் இது குறையாது. பிஎஸ் 6 குறைப்பது நைட்ரஜன் ஆக்சைடு, புகைத்துகள் போன்ற மூச்சுக்கு ஆகாத சங்கதிகளை. அது பெரிய நல்ல காரியம், ஆனால் கார்பன் டை ஆக்சைடு என்பது எத்தனை லிட்டர் எரிந்தது என்பதை மட்டும் பொறுத்தது. (இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அதன் கார்பனை எப்படி எண்ணுவது என்பது தனி விவாதம். இங்கே சுத்தப் பெட்ரோல் கணக்கிலேயே போகிறேன்.)

அப்போ எத்தனை லிட்டர், அதை எத்தனை பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், இந்த இரண்டையும் பார்த்தால் போதும்.

டிப்போவில் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை கேஎம்பிஎல் என்போம். ஒவ்வொரு டிரைவர் பேருக்கும் நேராக அது எழுதப்படும். நல்ல டிரைவர் ஸ்டாப் தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார், வண்டி தானாக உருண்டு வந்து நிற்கும். இன்னொருவர் ஸ்டாப் வரை மிதித்துக்கொண்டே வந்து பிரேக்கில் நிறுத்துவார். அதே பஸ், அதே ரூட், ஆனாலும் மாசக் கடைசியில் இரண்டு பேருக்கும் டீசல் வித்தியாசப்படும். சராசரியாக ரூட் பஸ்ஸுக்கு லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். பஸ் 11 லிட்டர் டீசல் குடிக்கும், ஏறக்குறைய 30 கிலோ கார்பன் டை ஆக்சைடு. உள்ளே 50 பேர் இருந்தால் தலைக்கு 600 கிராம். அதே தூரத்துக்கு லிட்டருக்கு 50 கொடுக்கிற பைக்கில் தனியாகப் போனால் இரண்டரை கிலோ, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டால் தலைக்கு ஒன்றேகால். லிட்டருக்கு 15 கொடுக்கிற பெட்ரோல் காரில் தனியாகப் போனால் எட்டரை கிலோவுக்குப் பக்கம். அதே காரில் ஐந்து பேர் நெருக்கி உட்கார்ந்தால் தலைக்கு 1.7 கிலோதான் ஆகும், அதாவது பைக்கில் தனியாகப் போகிறவரை விடக் குறைவு. கார் என்றால் கெட்டது, பைக் என்றால் பரவாயில்லை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. காலி சீட்டுதான் கார்பனைக் கூட்டுகிறது.

பஸ் இவ்வளவு குறைவாக வருவதற்கு ஒரு காரணம் காற்று. ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பாம்பன் பாலத்தில் மண்டபம் பக்கமாக பைக்கில் வந்திருந்தால் தெரிந்திருக்கும், முறுக்கு முறுக்கு என்று முறுக்கினாலும் வண்டி ஏறாது, சட்டை படபடவென்று அடிக்கும், பெட்ரோல் முள் மட்டும் இறங்கும். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், எதிர்காற்று என்றால் அந்த வேகமும் அதோடு சேர்ந்துகொள்ளும். பைக்கில் போகிற ஒவ்வொருவரும் அந்தக் காற்றைத் தன் நெஞ்சால் தனித்தனியாகத் தள்ள வேண்டும். பஸ் ஒரே ஒரு முகத்தால் 50 பேருக்கும் சேர்த்து ஒரு தடவை தள்ளிவிட்டுப் போகிறது.

இங்கே ஒரு எதிர்க்கேள்வி வரும், வர வேண்டியதுதான். மத்தியானம் இரண்டு மணிக்கு எட்டே பேரோடு பஸ் போகிறதே, அப்போது தலைக்கு மூன்றரை கிலோவுக்கு மேல் ஆகிறதே, அதற்கு பைக்கே மேல் இல்லையா? சராசரிக் கணக்கில் ஆமாம். ஆனால் அந்த பஸ் நீங்கள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த நேரத்துக்குக் கிளம்பத்தான் போகிறது, ஒன்பதாவது ஆளாக நீங்கள் ஏறுவதால் கூடுதலாக எரிகிற டீசல் கண்ணுக்கே தெரியாது. பைக்கை வீட்டில் விட்டதால் மிச்சமாவதோ முழு இரண்டரை கிலோ. அதனால் ஓடிக்கொண்டிருக்கிற பஸ்ஸில் இடம் இருந்தால், அதில் ஏறுவதுதான் எப்போதும் லாபம். இதன் மறுபக்கம் கொஞ்சம் கவலைக்குரியது. எட்டு பேர் ஐந்தாகி, ஐந்து மூன்றானால் கலெக்ஷன் இல்லை என்று அந்த சிங்கிளை, அதாவது அந்த ஒரு வழி ட்ரிப்பை, தூக்கிவிடுவார்கள். அதற்கப்புறம் அந்த மூன்று பேரும் ஆளுக்கொரு வண்டி வாங்குவார்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதில், அது எதற்காகக் கொண்டுவரப்பட்டதோ அது போக, கார்பன் கண்ணோட்டத்திலும் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்: பகல் நேர டவுன் பஸ்களில் ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிற ட்ரிப்பை நிறுத்துவது கடினம்.

ஷேர் ஆட்டோவும் இதே கதைதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து பட்டணம்காத்தான் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஐந்து பேரோடு போகிற ஆட்டோ ஏறக்குறைய பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆள் தேடிக் காலியாகச் சுற்றுகிற தூரத்தையும் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

சரி, தம்பியின் சொந்தக் கணக்குக்கு வருவோம். கீழக்கரை ராமநாதபுரம் போக 17, வர 17. மாசத்துக்கு 22 நாள் காலேஜ் என்றால் 750 கிலோமீட்டர். பைக்கில் தனியாக வந்தால் 15 லிட்டர், ஏறக்குறைய 35 கிலோ. பஸ்ஸில் வந்தால் 8 கிலோ. வித்தியாசம் மாசத்துக்கு 26, 27 கிலோ, பத்து மாசக் காலேஜுக்கு 260 கிலோவுக்கு மேல். இது பெரிசா சின்னதா? இந்தியாவில் ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் சராசரியாக இரண்டு டன் அளவில் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, கரண்ட், சிமென்ட், இரும்பு, தொழிற்சாலை எல்லாம் சேர்த்து. அதில் எட்டில் ஒரு பங்கை நீங்கள் எந்த வண்டியில் ஏறுகிறீர்கள் என்பதை மட்டும் வைத்தே மாற்ற முடிகிறது. ஒரு மாணவர் கையில் இவ்வளவு இருப்பது சின்ன விஷயம் இல்லை. பஸ் நேரம் ஒத்துவராத நாளில் பக்கத்துத் தெரு நண்பரை ஏற்றிக்கொண்டு ஒரே பைக்கில் வாருங்கள், பாதி அங்கேயே மிச்சம்.

ஆனால் வீட்டுக் கணக்காகப் பார்த்தால் பெரிய எடை வேறு இடத்தில் இருக்கும். ராமநாதபுரம் பாரதி நகரில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா ஸ்கூட்டரில் நான்கு கிலோமீட்டர் தள்ளி ஆபீஸ் போய் வருகிறார், மாசத்துக்கு 200 கிலோமீட்டர், 4 லிட்டர், 9 கிலோ. அதே வீட்டில் மாசம் ஒரு தடவை மதுரைக்கு ஆஸ்பத்திரி ரிவ்யூவுக்கு மூன்று பேர் காரில் போய் வருகிறார்கள். போக வர சுமார் 225 கிலோமீட்டர், 15 லிட்டர், 35 கிலோ. அந்த ஒரு நாள் அப்பாவின் நான்கு மாச ஸ்கூட்டருக்குச் சமம்! பஸ்ஸில் போயிருந்தால் மூன்று பேருக்கும் சேர்த்தே ஏழெட்டு கிலோ, மின்சார ரயிலும் அதை ஒட்டித்தான் வரும். முட்டி ஆபரேஷன் ஆனவரை பஸ் படியில் ஏற்றச் சொல்லவில்லை, அவருக்குக் கார்தான் சரி, அதில் குற்ற உணர்ச்சி வேண்டியதே இல்லை. நடக்க முடிகிற ஆள் மாத்திரை எழுதி வாங்கப் போவதற்கும் கார்தான் என்று ஆகிவிட்டதே, அதைச் சொல்கிறேன். அண்ணன் துபாயில் இருந்தால் இன்னொரு கணக்கு: மூவாயிரம் கிலோமீட்டர் விமானப் பயணம், ஒரு வழிக்கே தலைக்கு 200 கிலோவை ஒட்டி வரும். கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில், அதனால் போகாதே என்று யாரும் சொல்ல முடியாது. விமானத்துக்கு இப்போதைக்கு வேறு வழியும் இல்லை. மதுரைக்கு வழி இருக்கிறது, அதனால் கவனத்தை அங்கே வைப்பது நல்லது.

கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போகிற வழக்கம் நம் பக்கம் குறைந்துகொண்டு வருகிறது, வீட்டுக்கு ஒரு கார் வந்துவிட்டதால். லிட்டருக்கு 10 கொடுக்கிற டீசல் வேனில் 20 பேர் போனால் தலைக்குக் கிலோமீட்டருக்கு 13 கிராம், பஸ் மாதிரியே. அதே 20 பேர் நாலு நாலு பேராக ஐந்து காரில் போனால் அதைப்போல மூன்று மடங்கு. பாட்டுச் சத்தமும் சிரிப்புமாகப் போகிற அந்த வேனை விட்டுவிடாதீர்கள் என்பேன்.

ஊருக்குள் இருக்கிற ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. அரண்மனையிலிருந்து கேணிக்கரைக்கு நடக்கலாம், சைக்கிளில் போகலாம், கார்பன் பூஜ்யம். ஆனால் சித்திரை வைகாசியில் பகல் பதினொரு மணிக்கு நிழலே இல்லாத ரோட்டில் நட என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனசு வராது. பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள் படிப்பு முடிந்ததும் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பதற்கு வெயிலும் ஒரு காரணம். ரோட்டோரம் வேம்பும் புங்கையும் நட்டு வளர்த்தால் சைக்கிள் தானாக வெளியே வரும். நம் மாவட்டத்தில் தண்ணீர் இல்லாமலே வளர்கிற சீமைக் கருவேலம் மட்டும் நிழல் தராமல் நிற்கிறது.

இது நமக்குரிய கவலையா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் பைக் புகை மன்னார் வளைகுடாவை நேராகச் சூடாக்கவில்லை. கார்பன் டை ஆக்சைடு உலகம் முழுக்கக் கலந்துவிடும், அதில் பெரும்பகுதி வேறு நாடுகளிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஒரு ஆளுக்கு நம்மைப் போல ஆறேழு மடங்கு. முதல் பொறுப்பு அவர்களுடையது என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் விளைவு யார் வாசலில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது, 1986-லேயே கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம். கடல் நீரின் சூடு வழக்கமான கோடை உச்சத்தை விட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் அப்படியே நின்றால், பவளப்பூச்சி தனக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும், நிறமும் போய் சாப்பாடும் போய் வெளுத்துவிடும். 1998, 2010, 2016 என்று இங்கே பெரிய வெளுப்புகள் நடந்திருக்கின்றன. பாறை செத்தால் அதில் அண்டி வளர்கிற மீன் குறையும், கரைக்கு வருகிற அலைக்குத் தடையும் குறையும். தனுஷ்கோடியை 1964-ல் கடல் என்ன செய்தது என்பதைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தடையின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, என் மனசில் அதுதான் பெரிசு. நம் ஊரில் இன்னமும் நிறையப் பேர் பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார்கள். பெரிய நகரங்கள் தனிவண்டிக்குப் போன பிறகு அவர்களைத் திரும்ப அழைத்து வரப் பல ஆயிரம் கோடியில் மெட்ரோ கட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கே இருப்பதைக் காப்பாற்றினாலே போதும்.

இருப்பது போனால் என்ன ஆகும் என்று நாம் கண்ணால் பார்த்தோம். 2022 டிசம்பரில் பாம்பன் பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது, 2025 ஏப்ரலில்தான் புதிய பாலம் திறந்தது. இடையில் இரண்டு வருஷத்துக்கு மேல் ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ முடிந்துபோயின. பெட்டியோடு இறங்குகிறவர்கள் மிச்ச தூரத்துக்கு பஸ், வேன், ஆட்டோ, டாக்சி என்று கிடைத்ததைப் பிடித்தார்கள். அந்த யாத்ரீகர்கள் யாரும் காரை விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. எதிரில் இருந்தது அதுதான்.

வண்டி வாங்குகிற முடிவும் இப்படித்தான் நடக்கிறது. தினமும் காலையில் எழுந்து பைக்கா பஸ்ஸா என்று யாரும் யோசிப்பதில்லை. கடைசி பஸ் எட்டரைக்குப் போய்விடுகிறது, ஜவுளிக்கடை வேலை முடிய ஒன்பதாகிறது, அந்த அரை மணி நேரத்துக்காக ஒரு வீட்டில் கடன் போட்டு ஸ்கூட்டர் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு தவணை கட்டுகிற வண்டி சும்மா நிற்கலாமா, பால் வாங்கவும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். முழு நாளும் மாறிப்போகிறது. மீன் விற்கிற அக்காமார்களைப் பாருங்கள், அவர்களுக்கு பஸ்தான் வசதி, காசும் மிச்சம். ஆனால் அலுமினியக் கூடையிலிருந்து ஐஸ் தண்ணி சொட்டுகிறது, வாடை அடிக்கிறது என்று முகம் சுளித்து இறக்கிவிட்ட அனுபவம் அவர்களில் பல பேருக்கு உண்டு, அதனால் நாலைந்து பேர் சேர்ந்து லோடு ஆட்டோ பிடித்துப் போகிறார்கள். பஸ்ஸின் பின்பக்கம் இரண்டு சீட்டைக் கழற்றித் தகரத் தளம் போட்டு, தண்ணி வடிய ஒரு ஓட்டை விட்டால் தீர்கிற பிரச்சினை இது.

கடைசியாக மின்சார ஸ்கூட்டர். நல்ல வண்டி, ஆனால் கார்பன் இல்லாத வண்டி இல்லை. சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து ஒரு யூனிட் கரண்டில் 25 முதல் 30 கிலோமீட்டர் ஓடும். நம் நாட்டு மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 700 கிராமுக்குக் கொஞ்சம் மேல் கார்பன் டை ஆக்சைடு வருகிறது, இன்னமும் பெரும்பகுதி நிலக்கரி என்பதால். ஆக, கிலோமீட்டருக்கு 25, 28 கிராம். பெட்ரோல் பைக் 46. பாதிக்குக் கொஞ்சம் மேல், அதாவது பெட்ரோல் பைக்கில் இரண்டு பேர் போவதற்குச் சமம். நிரம்பிய பஸ் 11. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறதே, நம் வீட்டுக்கு வருவது அந்தக் கரண்ட்தானே என்று சிலர் கேட்பார்கள். கம்பியில் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வருகிறது, பிரித்து வாங்க முடியாது. ஆனால் நேரத்தைத் தேர்ந்தெடுக்க முடியும். ராத்திரி பத்து மணிக்கு சார்ஜ் போட்டால் சூரியனின் பங்கு அதில் ஏறக்குறைய பூஜ்யம், பகலில் கடையிலோ காலேஜிலோ போட்டால் சூரிய மின்சாரத்தின் பங்கு கூடுதலாக இருக்கும்.

பேட்டரி செய்வதற்கும் கார்பன் செலவாகிறது. 3 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரிக்கு 200, 300 கிலோ ஆகலாம். கிலோமீட்டருக்கு 20 கிராம் மிச்சம் என்றால் அந்தக் கடனை அடைக்கவே பத்தாயிரம், பதினைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தினமும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓடுகிற டெலிவரி தம்பிகளுக்கும் ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு வருஷத்துக்குள் அடைந்துவிடும், அவர்கள் தாராளமாக மாறலாம், மாற வேண்டும். வீட்டில் ஓடுகிற நிலையில் ஒரு பைக் இருந்து, அதை வாரத்துக்கு இரண்டு நாள் எடுக்கிறவர் அதை விற்றுவிட்டு புதிசு வாங்குவதில் அவசரம் எதுவும் இல்லை. பழைய பைக் தேய்ந்து அடுத்தது வாங்குகிற நேரம் வரும்போது மின்சார வண்டியைப் பாருங்கள். பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறவர் மின்சார ஸ்கூட்டருக்கு மாறினால் கார்பன் கூடும், இதை ஷோரூமில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

தம்பிக்கு நான் சொல்வது இது. இப்போதிருக்கிற பைக்கையே வைத்துக்கொள்ளுங்கள், காலேஜுக்கு முடிந்தவரை பஸ்ஸில் வாருங்கள், பஸ் நேரம் ஒத்துவரவில்லை என்றால் அதைச் சும்மா விடாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் கூட்டம் நடக்கும், அங்கே மனு கொடுங்கள். "பஸ் வசதி செய்து தர வேண்டும்" என்று மொட்டையாக எழுதினால் அது கட்டோடு கட்டாகப் போய்விடும். எந்த ஸ்டாப், எந்த ரூட், எத்தனை மணிக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள், இப்போதைய பஸ் எத்தனை மணிக்குப் போய்விடுகிறது, கால் மணி தள்ளினால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று எழுதுங்கள். புது பஸ் கேட்பதை விட இருக்கிற சிங்கிளின் நேரத்தை மாற்றிக் கேட்பது சுலபமாக நடக்கும், டீசலும் டிரைவரும் கூடுதலாக வேண்டாம் பாருங்கள். கூடவே காலேஜ் முதல்வர் கையெழுத்தோடு மாணவர் எண்ணிக்கையை இணைத்துவிட்டு, மனுவின் நகல் ஒன்றை டிப்போ மேனேஜரிடம் நேரில் கொடுங்கள், நேரத்தை மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்கப் போகிறவர் அவர்தான்.